புகை போக வழி கேட்டவர்

தலைமை வகிக்கும் பாடசாலை அதிபர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் குருமாரே, தோட்ட நிர்வாகத்தின் சார்பில் வந்திருக்கும் ஐயா அவர்களே, இன்று தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் இங்கே கூடி நிற்கும் என் மக்களே, கிருஷாந்தி டீச்சரின் வகுப்புப் பிள்ளைகளே!

எனக்கு முன் பேசிய நிர்வாகத்து ஐயா, “யாருமே எதிர்பார்க்காத விபத்து” என்றார். யாருமே எதிர்பார்க்கவில்லையா? எதிர்பார்த்தவர் ஒருவர் இருந்தார். வாய்விட்டுச் சொன்னார். செய்தும் காட்டினார். அவருடைய படத்துக்குத்தான் நாம் இப்போது மாலை போட்டிருக்கிறோம்!

நான் செல்லசாமி, கணித ஆசிரியன். டீச்சர் விஞ்ஞானம் படிப்பித்த வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டிதான். அவர் பாடத்தை நானும் கேட்டாக வேண்டும்.

“சோத்துப் பானை மூடி ஏன் ஆடுது?” என்பார்.

“ஆவி தள்ளுது டீச்சர்!”

“நெருப்பு எங்க இருக்கு?”

“பானைக்கு வெளிய, அடுப்புல!”

“அதுதான் புறத்தகன எஞ்சின். வட்டவளைப் பக்கம் அந்தக் காலத்துல ஓடுன கரிக்கோச்சி, அதான் நீராவி ரயில், அப்படித்தான். நெருப்பு ஒரு பக்கம், தண்ணி கொதிக்கிறது ஒரு பக்கம். ஆவி போயி முசலத்த, பிஸ்டன்னு சொல்வாங்களே, அதத் தள்ளும். இப்ப ஓடுற டீசல் கோச்சிக்கு அடுப்பே இல்ல. நெருப்பு சிலிண்டர் உருளைக்குள்ளயே எரியுது. அது அகத்தகனம். நம்ம ஆட்டோ, லொறி, ஜெனரேட்டர் எல்லாம் அந்தச் சாதிதான்.”

பிறகு கைதட்டிச் சொல்லச் சொல்வார். காற்றையும் பெற்றோலையும் “உறிஞ்சு!” இறுக்கி “நெருக்கு!” பொறி வைத்து “எரி!” எரிந்த கழிவைத் “துப்பு!” என் பிள்ளைகளும் பின்னத்தை மறந்துவிட்டுச் சேர்ந்து கத்துவார்கள்.

“துப்புனது எங்க போகும்?”

“வெளிய டீச்சர்!”

“வெளிய போக வழியில்லாட்டி?”

பதிலையும் அவரே சொல்வார்.

“நம்ம நெஞ்சுக்குள்ள. அடுப்புப் புகைன்னா கண்ணு எரியும், இருமுவோம், எந்திரிச்சு ஓடுவோம். அதுவும் பொல்லாததுதான். ஆனா எஞ்சின் துப்புற காபன் ஓரொட்சைட்டுங்குற வாயுவுக்கு மணமும் இல்ல, நெறமும் இல்ல. தல வலிக்கும், தூக்கம் வரும். தூங்குனா அவ்வளவுதான், எந்திரிக்க மாட்டோம்.”

எங்கள் எட்டாம் வகுப்புக்குத் தெரிந்தது இது!

மழையில் மேல் லயத்து வீடுகளுக்குப் பின்னால் நிலம் பிளந்தபோது, எல்லாக் குடும்பங்களையும் தொழிற்சாலையின் பழைய ஸ்டோருக்குக் கொண்டுபோனார்கள். கரண்ட் இல்லை. நிர்வாகம் ஒரு பெற்றோல் ஜெனரேட்டர் தந்தது. நன்றி! அதை ஸ்டோருக்குள்ளேயே ஒரு சின்ன அறையில் வைத்து ஓட்டினார்கள். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலெல்லாம் மூடித் தறப்பாள் கட்டியிருந்தது.

அங்கே உதவிக்கு நின்ற டீச்சர், பொறுப்பாயிருந்த தோட்ட அதிகாரியிடம் போனார். “இத வெளிய வைங்க சார்.”

“மழையில நனைஞ்சா பழுதாயிரும் டீச்சர். சைலன்சர் இருக்கே, பயப்படாதீங்க.”

“சைலன்சர் சத்தத்தத்தான் கொறைக்கும் சார். நஞ்ச கொறைக்காது. மெஷினுக்கு ஒரு தகரம் போடுங்க. மனுசங்களச் சாகடிச்சிராதீங்க.”

அதிகாரி சிரித்தார். டீச்சர் நான்கு பெண்களைக் கூப்பிட்டு, தாமே ஒரு பக்கம் பிடித்து, அதை வெளியே தூக்கிவைத்தார்.

மறுநாள் காலை நானும் அவரும் பாடசாலையில் சமைத்த சோற்றை எடுத்துவரப் போனோம். திரும்பும்போது, தூரத்திலேயே அவர் நின்றுவிட்டார். எஞ்சின் சத்தம் உள்ளேயிருந்து வந்தது. நாங்கள் இல்லாத நேரத்தில் அதிகாரியின் உத்தரவில் மறுபடி உள்ளே வைத்திருந்தார்கள்.

“சார், ஓடியாங்க!” சோற்றுச் சட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

உள்ளே ராசம்மா அக்கா சுவரில் சாய்ந்து கிடந்தார். “தல சுத்துது டீச்சர், பசி போல...” பசியாம்! நம் மக்களுக்கு எது வந்தாலும் பசியென்றே நினைத்துப் பழகிவிட்டது! டீச்சர் தறப்பாளைக் கிழித்தெறிந்தார். நிஷாந்தியின் கைக்குழந்தையை என் கையில் தந்தார். ஒவ்வொருவராக இழுத்து வெளியே போட்டோம். மறுபடி யாரும் உள்ளே போய் மாட்டக்கூடாதென்று, கடைசியில் எஞ்சினை நிறுத்த அந்தச் சின்ன அறைக்குள் போனார். எஞ்சின் நின்றது. அவர் வரவில்லை.

தூக்கி வந்தபோது மூச்சிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறியைக் கேட்டோம். கொழுந்து ஏற்றப் போயிருக்கிறதாம்! ஆட்டோ கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள், என் மடியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நிர்வாகத்து ஐயா அவர்களே, இந்த மண்டபத்தின் வாசலுக்கு வந்து பாருங்கள். தேயிலை காய வைக்கும் உலைக்கு எவ்வளவு உயரமான புகைபோக்கி! தூளில் புகை மணம் ஏறிவிட்டால் விலை போகாது. அதனால் தேயிலையைப் புகையிலிருந்து காப்பாற்ற உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே தொழிற்சாலையின் ஸ்டோரில் படுத்திருந்த மனிதர்களைக் காப்பாற்ற மட்டும் ஏன் தெரியாமல் போனது? தெரியவில்லையா, அல்லது தேவைப்படவில்லையா?

கொழும்பிலிருந்து வந்து இறங்கிய அவர் கணவர் நிரஞ்சன் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: “அவ சொன்னத ஒருத்தருமே கேக்கலயா சார்?” இந்தச் சபையில் பதில் சொல்லக்கூடியவர் இருந்தால் எழுந்து சொல்லட்டும்!

மக்களே, நம் லயத்தில், கோயிலில், கல்யாண வீட்டில், எங்கேயும் இனி மூடிய அறைக்குள் எஞ்சின் ஓடக்கூடாது. அவருடைய பாடவேளையை நாளையிலிருந்து நான் எடுக்கிறேன். பிள்ளைகளோடு பெற்றோரும் வாருங்கள்.

இன்னொன்று. திங்கட்கிழமை டீச்சரின் மரண விசாரணை. ஒரு சாட்சி வந்தால் போதும் என்று நிர்வாகத்திலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரென்றால் பயமுறுத்தலாம், பேச்சை மாற்ற வைக்கலாம். அந்த ஸ்டோரிலிருந்து உயிரோடு வெளியே வந்த அத்தனை பேரும் போவோம். நிஷாந்தி, நீயும் வாம்மா. குழந்தையையும் தூக்கிக்கொண்டு வா.