பதிவேட்டில் ஒரே சொல்

என் கையெழுத்து அழகாக இருக்கும், அய்யா. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து. விசாரணைக்காக உங்கள் மேசையில் விரித்து வைத்திருக்கிற பதிவேட்டிலும் அதைப் பார்க்கலாம். எங்கள் மத்திய அலை வானொலியின் ஒலிபரப்பு எப்படிப் போகிறது என்று மணிக்கு ஒரு தடவை அதில் எழுத வேண்டும். பதினோரு வருடமாக நான் எழுதியது ஒரே சொல்தான்: சீர்.

சீராக இல்லை. கோபுரத்தைச் சுற்றி மண்ணுக்குள் செம்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். அலை தூரம் போவதற்கு அவைதான் ஆதாரம். பாதி அரித்துப்போனது, மீதியை யாரோ தோண்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். கல்லல் வரை கணீரென்று கேட்ட நிலையம் பக்கத்து ரயில்வே கேட்டைக்கூடத் தாண்டவில்லை. மேலதிகாரிகளுக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. மூன்றாவதற்குப் போனில் பதில் வந்தது: “ரொம்பத் தொல்லையா இருந்தா இழுத்து மூடிறலாம், ஆண்டனி.” மூடினால் எனக்கு எங்கோ வடக்கே மாற்றல். என் மனைவி அற்புதம்மாள் காரைக்குடியில் டீச்சர். நான்காவது கடிதம் எழுதவில்லை.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சர்ச்சில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். “பொய் எழுதினேன், சாமி” என்பேன். என்ன பொய் என்று சாமியார் கேட்டதில்லை, நானும் விளக்கியதில்லை. பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லுவார். சொல்லிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, டியூட்டிக்குப் போய் மறுபடியும் சீர் என்று எழுதுவேன். பாவம் கழுவியாயிற்று என்றுதான் நம்பினேன். இப்போது சொல்லவே நாக்கூசுகிறது.

கேட்கவில்லை என்று வாராவாரம் கார்டு போட்டவர் ஒரே ஒருவர்தான். கண்மாய்க்குக் கீழே வயல் வைத்திருந்த செம்மலை. அந்தக் கார்டுகளை என் டிரங்குப் பெட்டியில் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தவனுக்கு அவர் ஒருவர்தான் இடைஞ்சல். ஒருநாள் நேரில் போய், “உங்க செட்டுதான்ணே கோளாறு. நல்லதா ஒண்ணு வாங்குங்க” என்றேன். வாங்கினார். அதற்குப் பிறகும் கொரகொரப்புதான். ஆனால் கார்டு வருவது நின்றுவிட்டது. பெரிய வானொலிக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

போன வருடம் கரை உடைகிறது என்று எவனோ புரளி கிளப்பி, ஊர் ஓடிய நேரத்தில் அவருடைய ஆடுகள் களவு போயின. அப்போதும் நான்தான் சொன்னேன்: “யாரு சொன்னாலும் நம்பாதீகண்ணே. ஆபத்துன்னா நானே ரேடியோவுல சொல்லுவேன்.” அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. கரண்ட் போயிற்று, செல்போன் டவரும் போயிற்று. எங்களிடம் ஜெனரேட்டர் இருந்தது. கண்மாய்க் கரை தாங்காது, கீழே இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸிலிருந்து வயர்லெஸ்ஸில் அறிவிப்பு வந்தது. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து மூன்று முறை வாசித்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. யாருக்கும் போய்ச் சேராது என்று வாசிக்கும்போதே தெரியும். சைக்கிளை எடுத்திருந்தால் அரை மணி நேரத்தில் போயிருக்கலாம். டியூட்டியை விட்டு எழுந்தால் ஏன் என்று கேட்பார்களே என்று உட்கார்ந்திருந்தேன். பதிவேட்டில் சீர் என்று எழுதினேன்.

பக்கத்து வயல் பெத்தன் ரோட்டில் நின்று அவரைக் கூப்பிட்டிருக்கிறான். “ஆண்டனி சார் ரேடியோவுல சொல்லட்டும்டா, பெறகு வாரேன்” என்றாராம். நாலு மணிக்குக் கரை உடைந்தது. மாட்டை அவிழ்க்கப் போன இடத்தில் தண்ணீர் அவரைக் கொண்டுபோயிற்று.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி அம்மாக்கண்ணு அன்று சிங்கம்புணரிச் சந்தைக்குப் போயிருந்ததால் பிழைத்தவர். தண்ணீர் எட்டாத உயர மாடத்தில் இருந்த செட்டை வாங்கி, திருகிக் காட்டினேன். சத்தமே இல்லை. “பாட்டரிக் கட்டை தீந்துபோச்சும்மா” என்றேன்.

அந்த அம்மா அழவில்லை. “மாத்துக் கட்டை வாங்கிட்டு வரச் சொன்னாக சார். நாந்தான் மறந்துட்டேன். நீங்க சொன்னீகல்ல?”

“மூணு தடவை சொன்னேம்மா.”

அப்பாவைக் கொன்றது அம்மாவின் மறதி என்று மகள் சினேகா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மாக்கண்ணு உங்களிடமும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார். அது தவறு, அய்யா. திருகிக் காட்டுவதற்கு முன்பே, அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனபோது செட்டைத் திருகினேன். உரக்கக் கொரகொரத்தது. கட்டைகள் புதிதாகத்தான் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு, என் சட்டைப் பையில் இருந்த இரண்டு தீர்ந்த கட்டைகளைப் போட்டேன். அவற்றை நான் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன்.

ஆனால் நான் மனசாட்சி இல்லாதவன் அல்ல. மறுநாள் முதல் வெள்ளி. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், “ஒரு பொய் சொன்னேன், சாமி” என்றேன். சாமியார் வழக்கம்போல மூன்று அருள்நிறை மந்திரம்தான் சொல்லச் சொன்னார். நான் நான்கு சொன்னேன்.