சீலை மூட்டையைச் சுற்றிய சிவப்பு வட்டம்

தலைமைக் கதிரையை அலங்கரிக்கும்... இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள், அந்தச் சொல்லை நான் இன்று சும்மா வாயில் எடுக்கக் கூடாது. காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன். தலைமைக் கதிரையில் அமர்ந்திருக்கும் அருட்தந்தை வின்சன்ட் அடிகளார் அவர்களே! என்னோடு நடுவராக இருந்து என் பிடிவாதத்தைப் பொறுத்தருளிய ஸம்ஸியா ரீச்சர் அவர்களே! கடலோடு பிறந்து கடலோடு வளர்ந்த பெரியோர்களே! பெற்றவர்களே, பெற்று இழந்தவர்களே, இழந்தும் இந்த உப்புக்குளம் மண்டபத்தின் முன்வரிசைக்கு வந்திருக்கும் தாய்மார்களே! படம் எடுத்த பிள்ளைகளே! சீருடை போடாமல் வந்து, பின்சுவரில் சாய்ந்து நின்று பெயர்களைக் குறித்துக்கொண்டிருக்கும் ஐயாமாரே, உங்களையும் மறக்கவில்லை, வலப்பக்கம் ரெண்டு கதிரை வெறுமையாய்க் கிடக்கு, வந்து இருங்கோ! உங்கள் அனைவருக்கும் மில்ரனின் வணக்கம்.

என்னைத் தெரியாதவர் இங்கே குறைவு. முப்பது ஆண்டுகள் அரசாங்கக் கந்தோரில் கோப்பெழுதும் லிகிதராய் இருந்தவன். ஆனால் ஊர் எனக்கு வைத்த பெயர் வேறு. பிழைபிடிக்கிற மில்ரன்! போர்ப்படம் என்றால் போதும், பேனையும் கொப்பியுமாகப் போய்விடுவேன். பழங்கால அரசர் படமொன்றில் ஒரு குதிரைவீரன் வாளை உயர்த்துகிறான். அவன் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிய வெள்ளைத் தடம்! கண்டவன் யார்? நான். போர்த்துக்கேயர் நம் கரைக்கு வந்து இறங்க முன்னமே கதாநாயகி முற்றத்தில் மிளகாய் காயப்போடுகிறாள். மிளகாயைக் கொண்டுவந்ததே போர்த்துக்கேயர்தானே! கண்டவன் யார்? நான். உலகப்போர்ப் படத்தில், போர் முடிந்த பிறகு செய்த டாங்கி ஊர்கிறது. எழும்பி நின்று கத்தியவனும் நானே. படமாளிகையில் என்னை இருமுறை வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

யார் அங்கே, சிரிக்கிறது? சிரியுங்கோ, சிரியுங்கோ. சிரிக்கிற இடம் இதோடு முடிகிறது.

என் மனைவி மதலேனா ஒருநாள் கேட்டாள்: "செத்தவன் செத்திட்டான். அவனைச் சுட்ட துவக்கு எந்த வருசத்துத் துவக்கெண்டு அவனுக்கு என்னப்பா?" அன்று நான் அவளுக்கு அரைமணி நேரம் விரிவுரை செய்தேன். துவக்கின் ஆண்டு பிழையானால் வரலாறே பிழையாகும் என்றேன். அவள் எழுந்து மீன் கழுவப் போய்விட்டாள்.

அன்பர்களே! இந்த ஆண்டு நமது திரைச் சுவைஞர் வட்டம் போர்க்குறும்படப் போட்டி ஒன்றை வைத்தது. பதினான்கு படங்கள். மூன்று நடுவர். 'வரலாற்றுச் சரிநுட்பம்' என்ற பகுதிக்கு நாற்பது புள்ளி. அந்தப் பகுதி என் கையில். பாலத்துக்கு அப்பால் வெள்ளாங்குளத்திலிருந்து ஜெயனி என்ற பிள்ளை பதினொரு நிமிடப் படமொன்றை அனுப்பியிருந்தாள். கைத்தொலைபேசியில் எடுத்த படம். ஒரு பங்கர், நிலத்தில் வெட்டிய பதுங்குகுழி. ஒரு தாய். இரண்டு பெண்பிள்ளைகள். பங்கரைச் சுற்றி மண்மூட்டைகள். நான் படத்தை நிறுத்தினேன். மூட்டைகள் எல்லாம் நிறநிறமாய்! நீலப்பூ, மஞ்சள் கோடு. வாசலில் இருந்த மூட்டைக்கோ செம்பட்டும் சரிகையும்!

விட்டேனா? வட்டம் போட்டேன், சிவப்பு மையால். பக்கத்தில் எழுதினேன்: "மண்மூட்டை என்றால் சணல் சாக்கு, அல்லது உரப்பை. பட்டுச்சீலையில் மண் கட்டுவார் எவருமில்லை. வெறும் அலங்காரம்." நாற்பதுக்கு நான்கு புள்ளி! ஸம்ஸியா ரீச்சர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மில்ரன் சேர், வடிவாத் தெரியுமா உங்களுக்கு?" நான் சொன்னேன்: "ரீச்சர், நான் முப்பது வருசமாப் படிக்கிறன்." படம் தள்ளுபடியாயிற்று.

எங்கே படித்தேன்? எதைப் படித்தேன்? தடித்த தடித்த புத்தகங்களில், தளபதிகளின் தற்பெருமைகளில், தாக்குதல் வரைபடங்களில் படித்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம், சண்டை எட்டாத தீவுக்குள், ஓட்டுவீட்டுக்குள் இருந்து படித்தேன். ஒரு பங்கருக்குள்ளே நான் ஒரு பொழுதும் இருந்ததில்லை.

புள்ளித்தாளைப் போட்டியாளருக்குத் திருப்பி அனுப்புவது நம் வட்டத்தின் வழக்கம். அனுப்பினோம். போன சனிக்கிழமை காலை பத்துமணியிருக்கும், வெள்ளாங்குளத்து பஸ்சால் இறங்கி இருவர் என் படலையைத் திறந்தார்கள். ஒருத்தி ஜெயனி. மற்றவர் அவளுடைய தாய் வசந்தமலர். சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்து, பதிலுக்கு இரண்டு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு இன்று வெட்கமாக இருக்கிறது.

அந்தத் தாய் கதிரையில் அமரவில்லை. நின்றபடியே என் தாளை நீட்டினார். "சேர், சண்டைக்கு வரேல்லை. பரிசும் வேண்டாம். இந்த ஒரு சொல்லை மட்டும் அழிச்சுத் தாங்கோ."

அவர் விரல் வைத்த சொல், 'அலங்காரம்'.

நான் வரலாறு பேசத் தொடங்கினேன். சாக்கு, உரப்பை, படையணிக் கட்டுமானம்! அவர் பொறுமையாய்க் கேட்டார். பிறகு சொன்னார்: "சாக்கு எங்க சேர் இருந்தது? நெல்லோட போயிட்டுது. உரப்பை முதல் பங்கருக்கே முடிஞ்சுது. மூண்டாந்தரம் இடம்பெயர்ந்து வந்து பங்கர் வெட்டேக்க என்னட்ட இருந்தது சீலைதான். அங்க எல்லாப் பொம்பிளையளும் அப்பிடித்தான் தைச்சது. ஆறு சீலை தைச்சு மண் நிரப்பினனான். அதுவும் போதேல்லை. கடைசியா என்ர கலியாணக் கூறையை எடுத்தனான். பட்டு, தடிப்பா இருக்கும், தாங்கும் எண்டு வாசலுக்கு வச்சனான்."

தாய்மார்களே, தலையாட்டுகிறீர்கள். ஓம், உங்களுக்குத் தெரியும். முன்வரிசை முழுக்கத் தெரிந்த ஒன்று, மேடையில் இருந்த ஒருவனுக்குத் தெரியவில்லை!

அவருடைய மூத்த பிள்ளை கிருஷிகா. எட்டு வயது. தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்து ஒன்பது நாள். "அவளுக்கு அந்தச் சரிகையில சரியான விருப்பம் சேர். உள்ளுக்கு வா எண்டாலும் வராள். வாசல் மூட்டையோட சாய்ஞ்சு, சரிகையை விரலால தடவிக்கொண்டிருப்பாள். அங்க வச்சுத்தான் பீரங்கிச் செல் விழுந்தது. பழஞ்சீலையை வாசலுக்கு வச்சிருந்தா அவள் உள்ளுக்க இருந்திருப்பாள். பதினேழு வருசமா நான் இதைத்தான் நினைக்கிறன். நீங்கள் அலங்காரம் எண்டு எழுதியிருக்கிறீங்கள்."

 என் பழக்கம் என்னை விடவில்லை. பாருங்கள் என் புத்தியை! அந்த நேரத்திலும் நான் கேட்டேன்: "எந்தத் திகதி அம்மா?" அவர் சொன்னார்: "இரண்டாயிரத்து எட்டு, யூன் இரண்டு. திங்கள். விடியக் காலமை."

அலுமாரியைத் திறந்தேன். உங்களில் பலருக்கும் தெரியாத ஒன்றை இன்று சொல்கிறேன். அந்த ஆண்டு முழுவதும் நான் ஒரு கொப்பி எழுதினேன். கரையிலிருந்து பீரங்கிக் குண்டு புறப்படும் ஒவ்வொரு தடவையும் என் மேசையில் தேத்தண்ணிக் கோப்பை நடுங்கும். நான் மணிக்கூட்டைப் பார்த்து எழுதுவேன். எத்தனை மணி, எத்தனை வெடி, எந்த அளவுப் பீரங்கிக் குழல். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு அப்படியொரு பெருமை! யூன் இரண்டைப் புரட்டினேன். என் கையெழுத்து, என் மை. "காலை ஆறு இருபது. பன்னிரண்டு வெடி. பெரிய குழல். இன்று சத்தம் நல்ல தெளிவு."

நல்ல தெளிவு! அங்கே ஒரு பிள்ளை சரிகையைத் தடவிக்கொண்டிருக்கிறது. இங்கே நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு 'நல்ல தெளிவு' என்று எழுதியிருக்கிறேன்!

வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அந்தத் தாய் கொப்பியைக் கிட்ட வந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "சேர், இந்தப் பன்னிரண்டில எங்கட எது?"

சபையோரே! எத்தனை படத்தில் எத்தனை பிழை கண்டவன் நான்! எத்தனை தளபதிக்கு எத்தனை திருத்தம் சொன்னவன்! அந்தக் கேள்விக்கு எந்த நூலில் விடை? எந்த ஆவணத்தில் விடை? முதலாவதா? மூன்றாவதா? கடைசியானதா? எனக்குத் தெரியவில்லை.   அந்தத் தாய் கொப்பியை மூடி என் கையில் தந்தார்.

அந்தச் சொல்லை அழித்தேன். சிவப்பு வட்டத்தையும் அழிக்கப் போனேன், அவர் தடுத்தார். "அது இருக்கட்டும். சனம் பாக்கட்டும்" என்றார். பிறகு, வாழ்நாளெல்லாம் பிழைபிடித்தவன், முதற்தடவையாக இன்னொருவரிடம் கேட்டேன்: "அம்மா, படத்தில வேற பிழை ஏதும் இருக்கா?" அவர் மகளைப் பார்த்தார். "ஒண்டு இருக்கு. படத்தில பிள்ளை கத்துது. என்ர பிள்ளை கத்தேல்லை."

செல் விழுந்த அன்றைக்கு ஜெயனிக்கு நாலு வயது. அவளுக்கு எதுவும் நினைவில்லை. தாய் சொல்லச் சொல்ல எடுத்த படம் அது. அந்த ஒன்றை மட்டும் தாய் அதுவரை சொல்லியிருக்கவில்லை. என் வீட்டு விறாந்தையில் வைத்துத்தான் மகள் அதை அறிந்தாள்.

பரிசுகள் அறிவித்தாயிற்று. வென்ற பிள்ளைகளின் பரிசில் நான் கைவைக்கவில்லை. அது அவர்களின் உழைப்பு. ஆனால் இனி நான் நடுவராக இருக்கப்போவதில்லை. இதோ என் கொப்பி. இருநூறு பக்கம். இடப்பக்கங்களில் மட்டுமே எழுதியிருக்கிறேன். வலப்பக்கங்கள் வெறுமை. புறப்பட்டதை எழுதினேன், போய் விழுந்ததை எழுதவில்லை! நேரத்தை எழுதினேன், பெயரை எழுதவில்லை! குழலை அளந்தேன், குழந்தையை அறியவில்லை! இதை ஜெயனியின் கையில் கொடுக்கிறேன். தாய்மார்களே, திகதியைப் பாருங்கள். உங்களுடைய நாள் அதில் இருந்தால், எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கம் நிரம்பும்வரை அது வரலாறு அல்ல, வெறும் சத்தக் கணக்கு.

முதற்பெயர் எழுதியாயிற்று. பின்சுவர் ஐயாமாரே, நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். கிருஷிகா. எட்டு வயது. எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கோ.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், என்னை மன்னித்தாரோ இல்லையோ என் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன அந்தத் தாய்க்கும், இடம் தந்த அடிகளாருக்கும் என் நன்றி. இப்போது யன்னல்களைச் சாத்தி அந்தப் படத்தைப் போடப்போகிறார்கள். ஒரேயொரு வேண்டுகோள். ஒன்பதாவது நிமிடத்தில் சத்தம் நின்றுவிடும். ஒலிபெருக்கி பழுதென்று யாரும் எழும்பவேண்டாம், கத்தவேண்டாம். ஜெயனி அந்த இடத்தைத் திருத்தியிருக்கிறாள். இப்போது படம் சரி.

வணக்கம். யன்னலைச் சாத்துங்கோ.