அடியில் வெட்டிய துண்டு

போஸ்டர் ஒட்ட மைதாப் பசைதான் நல்லது, சார். கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் மாடு கூட நக்காது.

நான் ராஜபாளையம் கல்லூரியில் விஸ்காம் கடைசி வருடம். ஒரு பாட்டைப் படம் பிடித்து, அதற்குப் பொருத்தமாகப் போஸ்டரும் செய்து காட்ட வேண்டும். என் பாட்டு, செத்துப்போன மகளை நினைத்து ஓர் அப்பா அழுகிற பாட்டு. மகளாக நடித்தது என் வகுப்பு இந்து. கேமரா பெலிக்ஸ்.

எங்கள் பக்கம் சாவுச் செய்தி போனில் வருவதற்குள் சுவரில் வந்துவிடும். அதனால் போஸ்டரைக் கண்ணீர் அஞ்சலி மாதிரியே அடித்தேன். நடுவில் இந்து சிரிக்கிற படம், இரண்டு பக்கமும் தோற்றம், மறைவு. அடியில் பாட்டின் பெயரும் ‘விரைவில் யூடியூபில்’ என்ற வரியும். இந்துவே பார்த்துவிட்டு, “ஏலே, செத்தும் அழகாத்தான் இருக்கேன்”னு சிரித்தாள்.

சிக்கல் அப்பா வேஷத்தில்தான் வந்தது. பெலிக்ஸின் பெரியப்பாவை நடிக்க வைத்தோம். கிளிசரின் விட்டும் வயிற்றுவலி வந்தவர் மாதிரிதான் இருந்தது அவர் முகம். மார்க்கு போய்விடுமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் இந்துவின் அப்பா குருசாமி மாமா ஞாபகம் வந்தது.

நூல் மில்லில் வேலை அவருக்கு. மனைவி இல்லை, இந்து ஒரே பிள்ளை. நடிக்க அனுப்புங்கள் என்று கேட்டபோது, திருவிழாப் பாட்டு என்று சொல்லி வைத்திருந்தேன். “புள்ள ஆசப்படுது. கூட நீ இருக்கேல்ல தம்பி, அது போதும்” என்றார். நல்ல மனுஷன், சார். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து சுந்தரபாண்டியத்தில் பஸ் இறங்குவார். பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினேன். அதில் மட்டும் அடித்துண்டைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டேன். எழுத்து தெரிந்தால் ஷாட் கெட்டுவிடும். நாங்கள் கேமராவை மறைத்து வைத்திருந்த கடையின் மாடியில் இந்து மேக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். ஃப்ரேமுக்குள் வந்துவிடக்கூடாதே என்று கதவை வெளியே தாழ் போட்டேன். ஷூட்டிங்கில் எல்லார் போனும் என்னிடம்தான் இருக்கும், அது வழக்கம்.

மாமா இறங்கினார். தூக்குச்சட்டியோடு சுவரைப் பார்த்தார். கிட்டப் போய்ப் படத்தின் கன்னத்தைத் தொட்டார். “காலையில எனக்குச் சோறு கட்டிக் குடுத்தாளே” என்றார், யாரிடமும் இல்லை. பிறகு போனை எடுத்தார். என் சட்டைப்பையில் இந்துவின் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்து கத்தினாள். “எப்பா, நான் இங்கதாம்ப்பா இருக்கேன்.” பஸ் ஹாரனில் அது அவருக்குக் கேட்கவில்லை. கதவை அவள் இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்தார். “ஏலே, போதும்லே” என்று பெலிக்ஸ் கேமராவை விட்டுவிட்டு ஓடினான். அவர் முகம் ஃபோகஸில் இருந்தது. நான் கேமராவைப் பிடித்துக்கொண்டேன். செத்த நேரம்தான், சார். அழுகை முழுசாக வந்த பிறகு போய்த் தாழைத் திறந்துவிட்டேன்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. இந்து என்னைத் திட்டவில்லை. “நான் உசுரோட இருக்கேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சுச்சாலே?” என்று ஒன்றுதான் கேட்டாள். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே கேட்கிறாளாம். பாவம், அவளுக்கு யாராவது ஆறுதல் சொல்ல வேண்டும்.

நான் என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். பாட்டை மாமாவுக்கே சமர்ப்பணம் செய்து, அவர் படம் போட்டு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் வடிவமைத்திருக்கிறேன். அடியில் பாட்டின் பெயர் இருக்கிறது, சார். இந்தத் தடவை அதை வெட்டவில்லை.