நான் கேட்காத ஓய்வும் ஜன்னலோர நாற்காலியும்

நான் கேட்காத ஓய்வை என் தலையில் கட்டிவிட்டு, அதற்கு விழாவும் எடுத்திருக்கிறீர்கள். இது அநியாயம். இதைச் சொல்லாமல் எனக்கு வணக்கம் வாயில் வராது. சொல்லிவிட்டேன், இனி முறைப்படி தொடங்குகிறேன்.

தலைமை தாங்கும் எங்கள் தையல்கூடத்து முதலாளி அவர்களே! என்னைவிட இளையவராகப் பிறந்தும் என்னால் சீக்கிரமே நரைத்துப்போன மேற்பார்வையாளர் தம்பி அவர்களே! பெரியோர்களே! தைத்துத் தைத்துத் தழும்பேறிய விரல்களால் கைதட்டும் தாய்மார்களே! முன்வரிசையில் உட்கார்ந்து, "சுருக்கமாப் பேசு" என்று சைகை காட்டும் என் வீட்டுக்காரரே! அனைவருக்கும் வணக்கம்.

மின்விளக்குத் தம்பி, அந்த விளக்கைச் சுவர் பக்கம் திருப்பப்பா. ஆங்... இப்போது முகங்கள் தெரிகின்றன. யார் தூங்குகிறீர்கள் என்பதும் தெரிகிறது.

எனக்கு லூபஸ் என்ற நோய். காவலுக்கு வைத்த ஆள் திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரையே அடித்தால் எப்படி இருக்கும்? அப்படி, உடம்பின் காவல் சக்தி உடம்பையே தாக்கும் நோய். ஏங்க, பயப்படாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை!

மூட்டு வீங்கினால் தெரியும். முகம் சிவந்தால் தெரியும். தலைவலி யார் கண்ணுக்குத் தெரியும்? நெற்றிக்குள் தையல் மெஷின் ஓடும். வெளியே நான் சட்டைக்குப் பொத்தான் சரிபார்த்துக்கொண்டிருப்பேன்.

"என்னக்கா, தினம் தலைவலின்னா எப்படி? பாக்க நல்லாத்தானே இருக்கீங்க!" என்றார் மேற்பார்வையாளர் தம்பி.

"நல்லா இருக்கறது என் முகம்ப்பா. வலிக்கறது அதுக்குப் பின்னாடி!" என்றேன்.

மனம் இரங்கினார். இரங்கியதுதான் வினை! எங்கள் கூடத்தில் ஜன்னலோர நாற்காலி என்றால் சும்மாவா? மூத்தவர்களுக்குத் தரும் மரியாதை அது. "காத்து, வெளிச்சம்... ராணி மாதிரி உக்காருங்கக்கா!" என்றார்.

"வெயில் எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே?"

"கண்ணாடி ஜன்னல்தானேக்கா!"

சூரியனுக்குக் கண்ணாடி ஒரு தடையா? முகம் சிவந்தது, மூட்டு வீங்கியது, தலைவலி இரட்டிப்பானது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் இருக்கும் மூலைக்குப் போனேன். உடனே பேச்சு: "மரியாதையே வேணாமாம், கிழவிக்குத் திமிரப் பாரு!" பொத்தான் துளை போடும் தங்கச்சியோ, "இந்தாக்கா, இந்த மாத்திரையப் போடு" என்று தினமும் நீட்டினாள். நானும் வாங்கிப் போட்டேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்: "தினம் வலி மாத்திரை போட்டா, அதுவே தலைவலியக் கொண்டுவரும்மா!"

அந்த மூலையில், தலைக்கு மேல் இருந்த டியூப்லைட்டை அணைத்து, துணிமேல் மட்டும் வெளிச்சம் விழும்படி ஒரு விளக்கு வைத்தேன். வலி போனதா? போகவில்லை. குறைந்தது. வலி கூடிய நாளில் சரக்கறை இருட்டில் சற்றுக் கண்மூடி எழுந்து வந்தேன். நான் பார்த்து அனுப்பிய சட்டை ஒன்றாவது திரும்பி வந்ததா? சொல்லுங்கள்! இன்னும் சத்தமாக! முதலாளி காதில் விழ வேண்டும்!

ஆனால் நான் கண்மூடியதைப் பார்த்தீர்கள். "பாவம்" என்றீர்கள். ஓய்வு கொடுத்துவிட்டீர்கள். என்னை நிறுத்தியது வலியா? வயதா? இல்லை, உங்கள் இரக்கம்! திமிர் என்றபோது தாங்கினேன். பாவம் என்றீர்களே, அதைத் தாங்க மாட்டேன்!

ஆகவே, முதலாளி ஐயா, அந்த ஓய்வு உத்தரவை இந்த மேடையிலேயே கிழிக்க வேண்டும். மேற்பார்வையாளர் தம்பி, யாருக்கு எது நல்லது என்று முடிவெடுக்கும் முன் அவரிடமே கேட்க வேண்டும்; ஜன்னலோர நாற்காலியை மாத்திரைத் தங்கச்சிக்குத் தர வேண்டும், அவள் அதற்கு ஏங்கிக் கிடக்கிறாள். பாருங்கள், சிரிக்கிறாள்! அவள் தன் மாத்திரைகளைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். என்னைப் போன்ற நோயுள்ளவர்கள், புதிதாகவோ திடீரென்று கடுமையாகவோ தலை வலித்தால், பார்வை மங்கினால், பேச்சுக் குழறினால், வீறாப்புப் பேசாமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நானும் ஓடுவேன், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. என் வீட்டுக்காரர் நாளைக் காலை வழக்கம்போல் எனக்குச் சாப்பாடு கட்ட வேண்டும்.

நீங்கள் பரிசளித்த சுவர்க் கடிகாரத்துக்கு நன்றி. அழகாக இருக்கிறது. மின்விளக்குத் தம்பி அதை என் மூலையில் மாட்ட வேண்டும். வணக்கம்!