இன்னொரு படம்

இல்லம்மா, நான் டாக்டர் இல்ல. இந்தப் பச்சைச் சட்டையப் பாத்தா எல்லாரும் இப்படித்தான் எந்திரிச்சு நின்னுடறாங்க. உக்காருங்க. உள்ள ஆபரேஷன் நடக்கறப்ப எக்ஸ்ரே படம் எடுக்கற ஆளு நான். உங்க வீட்டுக்காரருக்குப் பித்தப்பைக் கல்லுதானே? நாலாம் நம்பர் ரூம். முழிச்ச உடனே காபி கேப்பாரு, குடுத்துடாதீங்க.

நானா? சும்மா உக்காந்திருக்கேன். இன்னிக்கு எனக்கு வேலை இல்ல.

அந்த ரெண்டாம் நம்பரா? அது முதுகுத்தண்டு. கட்டியெல்லாம் இல்ல, ரத்தக்குழாய்க் கோளாறு. எப்படிச் சொல்றது... ரத்தம் கொண்டு போற குழாயும் திருப்பிக் கொண்டு வர்ற குழாயும் நடுவுல எதுவுமே இல்லாம நேரா ஒட்டிக்கிச்சு. அந்த வேகம் தாங்காம தண்டுவடம் வீங்கிடும். மொதல்ல செருப்பு கால்லேருந்து கழண்டு விழும், தெரியவே தெரியாது. அப்புறம் படி ஏற முடியாது. அப்புறம் சக்கர நாற்காலிதான்.

ஒட்டின எடத்தக் கண்டுபிடிச்சு கிளிப் போடணும். அரிசி சைஸ்ல இருக்கும். சரியா மூடிக்கிச்சான்னு பாக்க வேணாமா? அதுக்கு ஊசி வழியா ஒரு பச்சை மருந்து விடுவாங்க. மைக்ராஸ்கோப்புல ஒரு பட்டனத் தட்டினா டிவி முழுக்க இருட்டாயிடும், ரத்தம் ஓடற எடம் மட்டும் வெள்ளையா எரியும். கிளிப் போடறதுக்கு முன்னாடி அந்தக் கெட்ட குழாய்தான் முந்திக்கிட்டு எரியும். போட்டப்புறம் அந்தக் குழாய் இருட்டா இருந்தா, ரூம்ல எல்லாரும் மூச்சு விடுவாங்க.

ஆனா பாருங்க, மைக்ராஸ்கோப்புக்கு எதிர்ல இருக்கறதுதான் தெரியும். எலும்புக்கு அடியில இன்னொண்ணு ஒளிஞ்சிருந்தா தெரியாது. அதுக்குத்தான் என் மிஷின். தொடையில முன்னாடியே ட்யூப் போட்டு வெச்சிருப்பாங்க. அது வழியா மருந்து ஏத்தி முழுப் படம் எடுப்பேன். முக்கா மணி நேரம் கூட ஆகும். பேஷன்ட் அதுவரைக்கும் குப்புறவே கிடக்கணும்.

அஞ்சு மாசத்துக்கு முன்னாடி ஒரு பேஷன்ட். தையல் வேலை செய்யறவங்க. மிஷின் பெடல்ல கால் இருக்கா இல்லையான்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டுத் தைப்பாங்களாம். கிளிப் போட்டாச்சு, பச்சை மருந்து விட்டாச்சு. டிவியில நல்ல இருட்டு. பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பி, உங்க படமும் ஒண்ணு எடுத்துடலாமான்னாரு. பதினெட்டு வருஷமா அவரு கேப்பாரு, எடுத்துடலாம் சார்ம்பேன். அன்னிக்கு, எதுக்கு சார், க்ளியராத்தானே இருக்குன்னுட்டேன்.

ஏனா? ஆறு மணி நேரமாக் குப்புறக் கிடந்தாங்கம்மா. மொகமெல்லாம் வீங்கி, கன்னத்துல ஸ்பாஞ்சு அழுந்தி... திருப்பிப் படுக்க வெச்சாப் போதும்னு இருந்திச்சு. வேற யாரா இருந்தாலும் எடுத்திருப்பேன். டாக்டரும் களைச்சுப் போயிருந்தாரு. நீங்க சொன்னா சரின்னு தையல் போட ஆரம்பிச்சுட்டாரு.

மூணு வாரம் நல்லா நடந்தாங்க. அப்புறம் மறுபடி செருப்பு கழண்டுச்சு. இப்ப கட்டிலேருந்து எறங்க ரெண்டு பேரு வேணும். கிளிப்புக்குக் கொஞ்சம் கீழ, எலும்புக்கு அடியில, முடி கனத்துல ஒரு குழாய் இருந்திருக்கு. அன்னிக்கு எடுத்திருந்தா என் படத்துல விழுந்திருக்கும்.

யாரும் திட்டல. அவங்களுக்கு இந்த விஷயமே தெரியாது. என் தலையெழுத்துன்னு சொல்லிக்கிட்டிருக்காங்க. எனக்கு அழுகை வந்தாத் தேவலாம்மா, வர மாட்டேங்குது. சாப்பிடறேன், தூங்கறேன்.

ஆமா, அவங்கதான் உள்ள. மறுபடி திறக்கறாங்க. என் மிஷின இன்னிக்கு இன்னொரு டெக்னீஷியன் பொண்ணு பாத்துக்குது. நானேதான் கேட்டு மாத்திக்கிட்டேன். டாக்டர் படம் கேக்காட்டியும், முழுப் படம் எடுக்காம திருப்பிப் போட விடாதேன்னு அதுகிட்ட சொல்லியிருக்கேன்.

காலையில ஸ்ட்ரெச்சர்ல உள்ள போறப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டா. அவ என் அக்காம்மா, கூடப் பொறந்தவ. போன தடவை மாதிரி நீ உள்ள இருப்பேல்ல தம்பி, எனக்கு அது போதும்டான்னா. இருக்கேன்க்கான்னேன். கதவு மூடிக்கிச்சு. இங்க வந்து உக்காந்துட்டேன்.