மூணு போர்ஷன் ஓனர்

லுசீனியா: கதவைத் தட்டிட்டு ஏன் வெளியவே நிக்கிறீங்க, ஹவுஸ் ஓனரே? உள்ள வாங்க.

ரூய்: ரூய்னே கூப்பிடுங்க, டோனா லுசீனியா. இந்தாங்க... இனிப்பு ரொட்டி.

லுசீனியா: நம்ம ஃபால் ரிவர் ஊர்ல ஓனர் ரொட்டியோட வந்தா வாடகை ஏறப்போகுதுன்னு அர்த்தம்.

ரூய்: வாடகையா! சேச்சே... குழாய் ஏதாவது ஒழுகுதான்னு...

லுசீனியா: ஒழுகல.

ரூய்: பாய்லர்?

லுசீனியா: ஜம்முனு எரியுது. மென்னு முழுங்காம விஷயத்தைச் சொல்லுங்க.

ரூய்: மேலயும் இதே கதைதான். காலி பண்ணச் சொல்லத்தான் போனேன். மேல் போர்ஷன்ல, புது ஜன்னல் போட்டுத் தரேன்னு சொல்லிட்டு இறங்கினேன். நடு போர்ஷன்ல குழந்தையைக் கையில குடுத்துட்டாங்க... தூங்கற வரைக்கும் தட்டிக் குடுத்துட்டு வந்தேன்.

லுசீனியா: நல்ல ஓனர்! அவங்க எதுக்குக் காலி பண்ணணும்?

ரூய்: இந்த வீட்டுக்கு நான் எடுத்தது, வாங்கற வீட்டுலயே குடியிருக்கறவனுக்குக் குடுக்கற கடன். முன்பணம் கம்மி, வட்டி கம்மி. ஆனா ரெண்டு மாசத்துக்குள்ள ஏதாவது ஒரு போர்ஷன்ல நான் குடிவந்தாகணும். மூணுலயும் ஆள் இருக்குன்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

லுசீனியா: இப்ப எங்க இருக்கீங்க?

ரூய்: மாமியார் வீட்டு சோபால. மூணு போர்ஷனுக்குச் சொந்தக்காரன்... காலை நீட்ட இடமில்ல.

லுசீனியா: பெண்டாட்டி?

ரூய்: அவ கட்டில்ல, அவங்க அம்மாகூட.

லுசீனியா: ஹும்... பூனைக்குட்டி இப்பதான் வெளிய வருது.

ரூய்: மேல ரெண்டு பேருக்கும் அடுத்த வருஷம் வரைக்கும் ஒப்பந்தம் இருக்காம். அவங்களை நான் அசைக்கவே முடியாது. அதுகூடத் தெரியாம போய் அசடு வழிஞ்சிருக்கேன். உங்களுக்கு மட்டும்தான்...

லுசீனியா: முடிஞ்சுபோச்சு. மாசாமாசம் ஓடுது.

ரூய்: ஆமா... மன்னிச்சுக்கங்க, சொல்லவே வாய் கூசுது. இத்தனை வருஷமா இருக்கீங்க, நீங்க மட்டும் ஏன் புதுப்பிக்கல? ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா, இந்த வாசப்படிய நான் மிதிச்சிருக்கவே மாட்டேனே!

லுசீனியா: வீடு விலைக்கு வருதுன்னதும் நானும் இதே கடனுக்குத்தான் எழுதிப் போட்டேன், ரூய். ஏற்கனவே உள்ள இருக்கறவ, யாரையும் கிளப்ப வேண்டாம், நமக்குத்தான்னு ஒரே மெதப்பு. நீங்க என்னைவிட அதிக விலைக்குக் கேட்டது அப்புறம்தானே தெரிஞ்சுது... பழைய ஓனர் ஒப்பந்தத்தோட வந்தப்ப, சொந்த வீட்டுக்கு எவளாவது வாடகைக் கையெழுத்துப் போடுவாளான்னு சிரிச்சுத் திருப்பி அனுப்பிட்டேன்.