வளைவில் மட்டும் எடுக்கும் கேமரா

"வீட்ல எத்தன தடவ சொல்லியும் எடுக்கல மாப்ளே. மலையேறுனதும் வளைவுக்கு வளைவு தானா எடுக்குது."

போடிமெட்டுக்கு ஏறும் பஸ்சில், எனக்கு எதிர்ப்பக்க இருக்கையில் இரண்டு பேர். இதைச் சொன்னவர் மடியில் ஒரு கேமரா பக்கவாட்டாகக் கிடந்தது. சன்னலோரம் இருந்த மாப்பிள்ளையின் மடியில் லேப்டாப்பு. இரண்டையும் இணைத்திருந்த ஒயர் அவர்களே செய்தது. தோட்டத்தில் ஏலப்பூ விரிவதை ஆளில்லாமலே படம் பிடிக்கப் போகிறார்களாம். லேப்டாப்பு உத்தரவு போட்டால் ஒயர் வழியாகக் கேமரா எடுக்க வேண்டும்.

"இப்பக் கம்ப்யூட்டரு சொல்லியா எடுக்குது, மச்சான்?"

"அது சொல்றத இதுவரைக்கும் கேக்கவே இல்ல."

பஸ் திரும்பியது. கேமரா 'கிளிக்' என்றது.

"ஒயர சால்டர் வச்சு ஒட்டுனியா, மச்சான்?"

"முறுக்கி டேப்பு சுத்துனேன். கெணத்து மோட்டாருக்கு அப்படித்தான சுத்திருக்கேன்."

"அதுவும் தட்டுனாத்தான ஓடுது."

மச்சான் ஒயரை ஆட்டிப் பார்த்தார்.

"அப்ப தோட்டத்துல ஒரு ஆள நிறுத்தி ஒயர ஆட்டச் சொல்லணும்."

"ஆளில்லாம எடுக்கத்தான மச்சான் இம்புட்டுப் பாடு? சரி, இதுவரைக்கும் என்ன எடுத்துருக்குன்னு பாரு."

மச்சான் கேமராவின் பின்பக்கத் திரையைத் தடவிப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் ஒரே ஆளுதான் மாப்ளே. தூங்குற மாதிரி அரைக்கண்ண மூடிக்கிட்டு, காத மட்டும் நம்ம பக்கம் வச்சிருக்காரு."

நான் மெல்ல என் சன்னல் பக்கம் திரும்பினேன். அடுத்த வளைவில் அது என் பிடரியையும் எடுத்துக்கொண்டது.